குடலுக்கு உரம் கடையிலா, வயலிலா?



அண்மைக் காலமாக நகரத்து மருந்துக் கடைகளிலும் கைத்தொலைபேசி விளம்பரங்களிலும் ஒரு புதுவகைக் குளிசை பேசப்படுகிறது. குடலைப் பலப்படுத்தும், வயிற்றுக் குழப்பத்தை நீக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்றெல்லாம் அதனைப் பற்றிச் சொல்லப்படுகிறது. போத்தலின் மேல் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலம் என்றோ பியூற்றிரேற்று என்றோ எழுதியிருக்கும். வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் பொதிகளிலும் இது வந்து சேர்கிறது. இதனை வாங்கலாமா, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்துள்ளது.

இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆயினும் அந்த விடைக்குக் காரணம் தெரிந்திருந்தால், குளிசையைப் பற்றி மட்டுமன்றி எமது அன்றாட உணவைப் பற்றியும், வளவில் எதை நடுவது என்பதைப் பற்றியும் ஒரு தெளிவு கிடைக்கும். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

மாட்டின் வயிறும் மனிதனின் குடலும்

மாடு வைக்கோலையும் புல்லையும் தின்று பால் தருகிறது. வைக்கோலில் மனிதன் சீரணிக்கக்கூடியது எதுவுமில்லை. உண்மையில் மாடும் தானாக அதனைச் சீரணிப்பதில்லை. மாட்டின் பெரிய இரைப்பையில் கோடானுகோடி பற்றீரியாக்களும் வேறு நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. அவையே வைக்கோலைப் புளிக்கச் செய்கின்றன. அவ்வாறு புளிக்கும்போது உண்டாகும் சிறு அமிலங்களை மாட்டின் உடல் உறிஞ்சிக் கொள்கிறது. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 70 வீதம் இவற்றிலிருந்தே கிடைக்கிறது. இச்சிறு அமிலங்கள்தான் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் எனப்படுபவை.

எமது வயிற்றிலும் இத்தகைய ஒரு புளிக்கும் பானை உண்டு. அது இரைப்பையில் அல்ல, பெருங்குடலில் இருக்கிறது. நாம் உண்ணும் சோற்றின் மாப்பொருளில் பெரும்பகுதியும், மீன் பருப்பு முதலியவற்றின் புரதமும், கொழுப்பும் சிறுகுடலிலேயே சீரணித்து உறிஞ்சப்படுகின்றன. அங்கே சீரணியாமல் எஞ்சுவன சில உண்டு. கீரை, தானியத் தவிடு, பயறு வகை ஆகியவற்றின் நார்ப்பொருள் ஒன்று. எளிதில் சீரணியாத ஒருவகை மாப்பொருள் மற்றொன்று. இவை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பற்றீரியாக்களுக்கு உணவாகின்றன.

இப்படிப் புளிப்பதனால் மூன்று அமிலங்களே முக்கியமாக உண்டாகின்றன. முதலாவது அசற்றிக் அமிலம். விநாகிரியின் புளிப்புக்குக் காரணமானது இதுவே. இரண்டாவது புரோப்பியோனிக் அமிலம். மூன்றாவது பியூற்றிரிக் அமிலம். வெண்ணெய்க்குரிய பழைய கிரேக்க, இலத்தீன் சொல்லிலிருந்து இதன் பெயர் வந்தது. வெண்ணெய் கெடும்போது எழும் நாற்றம் இவ்வமிலத்தினுடையது. விளங்கிக்கொள்ள இலகுவாக இக்கட்டுரையில் இதனை வெண்ணெய் அமிலம் என்றே குறிப்பிடுவோம். பெருங்குடலில் இம்மூன்றும் ஏறக்குறைய 60, 20, 20 என்ற விகிதத்தில் உண்டாகின்றன.

குடற்சுவரின் உணவு

எமது உடலின் பெரும்பாலான பகுதிகள் இரத்தம் கொண்டுவரும் குளுக்கோசு முதலிய சத்துக்களைப் பெற்று வாழ்கின்றன. பெருங்குடலின் உட்சுவர் இதற்கு மாறானது. அது தனக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 70 வீதத்தை வெண்ணெய் அமிலத்திலிருந்தே பெறுகிறது என்பதை 1980களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் காட்டினர். அதாவது, பற்றீரியாக்கள் சமைத்துக் கொடுப்பதை உண்டே எமது குடற்சுவர் வாழ்கிறது.

இவ்வமிலங்கள் வேறு வேலைகளும் செய்கின்றன.

1. பெருங்குடல் உப்பையும் நீரையும் மீள உறிஞ்சுவதற்குத் துணை செய்கின்றன. வயிற்றோட்டத்தில் உடல் இழப்பது உப்பும் நீருமே என்பதால் இது முக்கியமானது.

2. குடலின் உட்பகுதியைச் சற்றுப் புளிப்பாக வைத்திருக்கின்றன. தீய கிருமிகள் பல அப்புளிப்பில் நன்கு பெருகமாட்டா.

3. குடற்சுவரின் உயிர்க்கலங்கள் இடைவெளியின்றி நெருங்கி நிற்கவும், சுவரை மூடியுள்ள சளிப்படலம் கெடாமல் இருக்கவும் உதவுகின்றன.

4. குடலில் வீண் அழற்சி உண்டாகாமல் உடலின் காவற்படையை அமைதிப்படுத்துகின்றன.

பற்றீரியாக்களுக்கு உணவு கிடையாவிட்டால் என்ன நடக்கும்? இதற்கு ஒரு சான்று உண்டு. எறிகணைச் சிதறல் பட்டு வயிற்றில் காயமடைந்தவர்களை நம்மிற் பலர் அறிவோம். பெருங்குடல் காயப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து, மலம் வெளியேற வயிற்றில் வழியமைத்துப் பை பொருத்துவார்கள். அப்போது அவ்வழிக்குக் கீழேயுள்ள குடற்பகுதிக்கு உணவு மிச்சம் எதுவும் போய்ச் சேராது. அப்பகுதி சும்மா இருந்தும், சிலருக்கு அங்கே அழற்சி ஏற்பட்டு இரத்தமும் சளியும் வருவதுண்டு. 1989இல் அமெரிக்க வைத்தியர்கள் இத்தகைய நோயாளர் நால்வருக்கு அந்தக் குடற்பகுதியினுள் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலக் கரைசலைச் செலுத்தினர். அழற்சி தணிந்தது. செலுத்துவதை நிறுத்தியபோது திரும்பவும் தலைகாட்டியது. நால்வர் என்பது சிறிய தொகைதான். எனினும் குடற்சுவர் பட்டினி கிடக்கலாம் என்பதை அது தெளிவாகக் காட்டியது.

இடப்பெயர்வு குடலுக்கு என்ன செய்தது?

எமது மக்கள் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வெளியேறினர். 1990இல் வடக்கின் முஸ்லிம் மக்களும் வெளியேற்றப்பட்டனர். அப்போது விட்டுவந்தவை வீடும் காணியும் மட்டுமல்ல. குரக்கன் விதைத்த மேட்டுநிலம், வேலியோரத்து முருங்கை, கிணற்றடி வாழை, வளவிலிருந்த பனை, அடுத்த போகத்துக்கென எடுத்து வைத்த விதை எல்லாமே பின்னால் நின்றுவிட்டன. நலன்புரி நிலையங்களில் கிடைத்த உலர் உணவு நிவாரணம் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி என்பனவாக இருந்தது. அது பல உயிர்களைக் காத்தது. அதற்கு நாம் நன்றியுடையவர்களாக இருக்க வேண்டும். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நீடித்தபோது வாயின் ருசியும் மாறிவிட்டது. நிவாரணம் நின்ற பின்னரும் பாணும் வெள்ளையரிசியும் வீட்டில் நின்றுவிட்டன. குரக்கன் பிட்டைத் தொடாத பிள்ளைகள் இன்று பல வீடுகளில் உள்ளனர்.

இம்மாற்றத்தை எண்களில் காட்டலாம். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய போசாக்கு நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் உணவிலுள்ள நார்ப்பொருள் ஏறக்குறைய பின்வருமாறு:

தீட்டிய வெள்ளையரிசி – 3 கிராம்
வெள்ளைக் கோதுமை மா – 3 கிராம்
முருங்கை இலை – 8 கிராம்
மைசூர்ப் பருப்பு – 10 கிராம்
குரக்கன் – 11 கிராம்
கௌப்பி – 11 கிராமுக்கு மேல்
தோலுடன் கூடிய பயறு – 17 கிராம்

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில், 10 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 25 கிராம் நார்ப்பொருளாவது உண்ண வேண்டும் எனக் கூறுகிறது. 6 முதல் 9 வயதுவரையான பிள்ளைக்கு 21 கிராம், 2 முதல் 5 வயதுவரையான பிள்ளைக்கு 15 கிராம்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளில் 300 கிராம் வெள்ளையரிசியும், 100 கிராம் கோதுமை மாவும், 30 கிராம் பருப்பும் உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைக்கும் நார்ப்பொருள் ஏறக்குறைய 15 கிராம். இன்னொருவர் 200 கிராம் அரிசி, 100 கிராம் குரக்கன், 50 கிராம் பயறு, 50 கிராம் முருங்கை இலை உண்கிறார். அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 29 கிராம். இருவரின் வயிறும் நிரம்புகிறது. ஆனால் முதலாமவரின் குடற் பற்றீரியாக்கள் அரை வயிற்றோடு கிடக்கின்றன.

உணவை மாற்றினால் குடல் எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்க நகரவாசிகளான கறுப்பின மக்கள் 20 பேரும், தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தமது உணவை மாற்றிக்கொண்டனர். நகரத்தார் சோளம், அவரை போன்ற நார்மிகு கிராமத்து உணவை உண்டனர். கிராமத்தார் இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த நகரத்து உணவை உண்டனர். நகரத்தாரின் குடலில் வெண்ணெய் அமிலம் இரண்டரை மடங்கு கூடியது. கிராமத்தாரின் குடலில் அது பாதியாகக் குறைந்தது. இதற்கு எடுத்தது இரண்டே வாரங்கள். இழந்ததை மீட்க நெடுங்காலம் வேண்டியதில்லை என்பதே இதிலிருந்து நாம் பெறும் நற்செய்தி.

குளிசை எவ்வளவு தரும்?

இனிக் குளிசைக்கு வருவோம். அதிலிருப்பது பெரும்பாலும் வெண்ணெய் அமிலத்தின் உப்பு. சோடியத்துடனோ, கல்சியம் மக்னீசியத்துடனோ சேர்த்துச் செய்யப்பட்டது. பல குளிசைகளில் 300 முதல் 600 மில்லிகிராம் வரை இருக்கும்.

பெருங்குடலில் நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் வரையான சீரணியாத மாப்பொருளும் நார்ப்பொருளும் புளித்தால், அதில் உண்டாகும் வெண்ணெய் அமிலம் எமது கணக்கின்படி ஏறக்குறைய 9 கிராம். 600 மில்லிகிராம் குளிசையில் அந்த அளவைப் பெற 15 குளிசைகள் விழுங்க வேண்டும். ஒரு குளிசை தருவது, நல்ல உணவு உண்பவரின் குடல் தானே செய்துகொள்வதில் ஒரு சிறு பங்குதான்.

வேறொரு இடைஞ்சலும் உண்டு. இவ்வமிலங்கள் மிகவும் இலகுவில் உறிஞ்சப்படுபவை. சாதாரணக் குளிசையாக விழுங்கினால் பெரும்பகுதி வயிற்றிலும் சிறுகுடலிலுமே போய்விடும். தேவைப்படும் இடமோ பெருங்குடல். அதனால் சில கம்பனிகள் குளிசைக்கு விசேட மேற்பூச்சு இடுகின்றன. விலையும் அதற்கேற்பக் கூடுகிறது. பற்றீரியாக்கள் செய்யும் அமிலமோ வேண்டிய இடத்திலேயே, நாள் முழுவதும் சிறிது சிறிதாக உண்டாகிறது. அத்துடன் நார்ப்பொருள் தரும் ஏனைய நன்மைகளைக் குளிசை தராது. மலத்தை இளக்குவதும், நல்ல பற்றீரியாக்களைப் பெருக்குவதும், உணவோடு வரும் இரும்பு, கல்சியம் முதலிய சத்துக்களும் குளிசையில் இல்லை.

அப்படியானால் இக்குளிசை முழுப் பொய்யா? அப்படிச் சொல்வதும் சரியல்ல. பெருங்குடலில் நாட்பட்ட புண்ணுள்ளவர்களுக்கும், அடிக்கடி வயிற்று வலியும் மலக் குழப்பமும் உள்ளவர்களுக்கும் இதனைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உள்ளன. அவற்றிற் சிலவற்றில் பலன் காணப்பட்டது. சிலவற்றில் காணப்படவில்லை. பெரும்பாலானவை சிறு தொகையினரிடம் செய்யப்பட்டவை. எனவே விசேட வைத்தியர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட நோய்க்காக எழுதிக் கொடுத்தால், அவர் சொன்னபடி பாவியுங்கள். மற்றப்படி, சாதாரண உடல் நலமுள்ளவர் தாமாகக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஒரு போத்தலுக்குக் கொடுக்கும் பணம் ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் உழைப்புக்கும் மேலானது. அப்பணத்தில் பயறும் கௌப்பியும் குரக்கனும் எவ்வளவு வாங்கலாம் என்பதை வீட்டுத் தலைவிகளே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வேலூரும் டாக்காவும் காட்டிய வழி

சாதாரண உணவுப் பொருளைக் கொண்டே இவ்வமிலங்களைக் கூட்டி நோயைத் தணிக்கலாம் என்பதை நமது பக்கத்து நாடுகளின் வைத்தியர்களே காட்டியுள்ளனர்.

தமிழ்நாட்டின் வேலூரிலுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில், வாந்திபேதி எனப்படும் கொலரா நோய் கண்ட 48 பேரிடம் ராமகிருஷ்ணாவும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வு செய்தனர். அது 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான உப்புச் சீனிக் கரைசலுடன், சிறுகுடலில் சீரணியாத ஒருவகைச் சோள மாவை லீற்றருக்கு 50 கிராம் வீதம் சேர்த்து ஒரு பகுதியினருக்குக் கொடுத்தனர். வழக்கமான கரைசலை மட்டும் குடித்தவர்களுக்கு வயிற்றோட்டம் நிற்கச் சராசரி 91 மணித்தியாலங்கள் எடுத்தன. மாவும் சேர்த்துக் குடித்தவர்களுக்கு 57 மணித்தியாலங்களில் நின்றது. அந்த மா பெருங்குடலில் புளித்துச் சிறு அமிலங்களைத் தந்ததும், அவை உப்பையும் நீரையும் மீள உறிஞ்சச் செய்ததுமே இதற்குக் காரணம் என அவர்கள் விளக்கினர்.

பங்களாதேசத்தின் டாக்காவில், நாட்பட்ட வயிற்றோட்டத்தால் வாடிய 5 முதல் 12 மாத ஆண் குழந்தைகள் 62 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வெறும் அரிசிக் கஞ்சியும், ஒரு பகுதியினருக்கு அவித்து மசித்த வாழைக்காய் சேர்த்த கஞ்சியும் கொடுக்கப்பட்டன. 4ஆம் நாளில், வெறும் கஞ்சி குடித்தவர்களில் 100க்கு 23 பேரே குணமடைந்திருந்தனர். வாழைக்காய்க் கஞ்சி குடித்தவர்களில் 100க்கு 78 பேர் குணமடைந்திருந்தனர். பின்னர் பங்களாதேசக் கிராமங்களில் 2968 சிறுவர்களிடம், தாய்மார் வீட்டிலேயே வாழைக்காயை அவித்து உணவோடு கொடுக்கச் செய்தும் பார்த்தனர். 2010இல் வெளிவந்த அவ்வாய்விலும் வாழைக்காய் உண்ட பிள்ளைகள் விரைவில் தேறினர்.

காய் பழமாகும்போது அதிலுள்ள சீரணியாத மாப்பொருள் சீனியாக மாறிவிடும். ஆகவே இப்பலன் காயிலேயே உண்டு.

வீட்டிலும் வளவிலும் செய்ய வேண்டியவை

1. தாய்ப்பால். முதல் 6 மாதங்களுக்கு வேறெதுவும் வேண்டாம். குழந்தையால் சீரணிக்க முடியாத ஒருவகைச் சீனிப்பொருளைத் தாய்ப்பாலில் இறைவன் வைத்திருக்கிறார். அது குழந்தைக்காக அல்ல, குழந்தையின் குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்களுக்காக. அவை அதனை உண்டு அசற்றிக் அமிலத்தைச் செய்து, தீய கிருமிகளை அண்டவிடாமல் தடுக்கின்றன.

2. தானியம். வாரத்தில் மூன்று நாளாவது குரக்கன் பிட்டோ ரொட்டியோ கூழோ செய்யுங்கள். பிள்ளைகள் விரும்பாவிட்டால் முதலில் கோதுமை மாவுடன் கால் பங்கு குரக்கன் மாவைக் கலந்து பழக்கி, மெல்ல மெல்ல அரைவாசியாக்குங்கள். சொந்த நெல்லைக் குற்றக் கொடுக்கும்போது அதிகம் தீட்ட வேண்டாமென ஆலையில் சொல்லுங்கள்.

3. பயறு, கௌப்பி, கடலை, தோலுழுந்து. நாளுக்கு ஒருவருக்கு ஒரு கைப்பிடி போதும். இரவே ஊறவிட்டு, அந்நீரை ஊற்றிவிட்டு, புதுநீரில் நன்கு அவித்தால் வாய்வுத் தொல்லை குறையும். அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் காலையுணவுக்குப் போதுமானவை.

4. மொந்தன் வாழைக்காய். தோலுடன் அவித்து, உரித்து மசித்து, கஞ்சியிலோ சோற்றிலோ கலந்து கொடுக்கலாம். 6 மாதம் கடந்து, கட்டியுணவு பழகிய பிள்ளைக்கு இது ஏற்றது. ஒரு கிணற்றடியில் இரண்டு குட்டி நட்டால் சில ஆண்டுகளில் அயலுக்கும் குட்டி கொடுக்கலாம்.

5. ஒடியலும் கிழங்கும். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை இறுத்த பின்னர் நன்றாக வேகவையுங்கள். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, இலைவகை என்று நாம் ஒடியற் கூழில் போடும் ஒவ்வொன்றும் குடற் பற்றீரியாக்களுக்கு விருந்து. மரவள்ளியைத் தோலுரித்து, பானையை மூடாமல் நன்கு அவிப்பது அவசியம்.

6. பழஞ்சோறு. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி சீரணியாத வகையாக மாறுகிறது. 2015இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் ஒருவரும் அவரது ஆசிரியரும், சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்து அவித்த சோற்றை 12 மணித்தியாலம் குளிர்பெட்டியில் வைத்தபோது இது அதிகரித்ததெனத் தமது ஆய்வுகூட முடிவை அறிவித்தனர். எமது பழஞ்சோறும் அவ்வழியைச் சேர்ந்ததே. ஆனால் கவனம் வேண்டும். வெப்பத்தில் திறந்து கிடக்கும் சோற்றில் ஒருவகைக் கிருமி நஞ்சை உண்டாக்கும். மீளச் சூடாக்கினாலும் அந்நஞ்சு போகாது. சோற்றை விரைவில் ஆறவிட்டு, கொதித்தாறிய நீரை மூடும்வரை ஊற்றி, துப்புரவான மட்பானையில் மூடிவைத்து, மறுநாட் காலையிலேயே உண்டுவிடுங்கள். பிசுபிசுப்போ துர்நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கும் நோயுற்றோருக்கும் கொடுக்க வேண்டாம்.

7. இலைவகை. முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவற்றுக்குப் பெரிய காணி வேண்டியதில்லை. வாடகை வளவில் இருப்பவர்களும் கழிவுநீர் ஓடும் ஓரத்தில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றலாம்.

இவ்வுணவுகளைப் புதிதாகத் தொடங்குவோர் ஒரே நாளில் அளவைக் கூட்ட வேண்டாம். பழக்கமில்லாத குடல் ஊதும், வாய்வு பிரியும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீரும் போதியளவு குடியுங்கள். சாதாரண வயிற்றுக் குழப்பத்துக்கெல்லாம் கிருமிகொல்லி மருந்தைத் தாமாக வாங்கி விழுங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது நோய்க் கிருமியோடு நல்ல பற்றீரியாக்களையும் அழித்துவிடும்.

மறக்கக் கூடாதவை

பிள்ளைக்கு வயிற்றோட்டம் ஏற்பட்டால் முதல் மருந்து ஜீவனி. பொதியில் குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பொதியையும் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் வழமையான உணவையும் நிறுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ் நிறுவனமும் 2004இல் கூறியபடி, 10 முதல் 14 நாட்களுக்கு நாகச்சத்துக் குளிசையும் கொடுக்கப்பட வேண்டும். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 20 மில்லிகிராம். வைத்தியசாலையில் இதனைக் கேட்டுப் பெறுங்கள். வாழைக்காய்க் கஞ்சி இவற்றுக்குத் துணையே தவிர இவற்றுக்குப் பதிலல்ல.

மலத்தில் இரத்தம், கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், ஓயாத சத்தி, பிள்ளை சோர்ந்து மயங்குதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பெரியவர்களுக்கு மலத்தில் இரத்தம் கண்டாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், மலங்கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலும் அவர்களும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குளிசையை விழுங்கிக்கொண்டு நாட்களைக் கடத்துவது ஆபத்தானது.

வவுனியா, முல்லைத்தீவு, அனுராதபுரம் போன்ற வரண்ட வலயப் பகுதிகளில் சிறுநீரக நோயாளர் பலர் உள்ளனர். சிறுநீரக நோயாளரும் உயர் இரத்த அழுத்தமுள்ளோரும் சோடியம் கலந்த இக்குளிசைகளைத் தாமாக எடுக்கக் கூடாது. சிறுநீரக நோயாளர் மேலே சொன்ன வாழைக்காய், கீரை, பயறு ஆகியவற்றையும் வைத்தியரிடம் கேட்டே கூட்ட வேண்டும். அவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்குத் தீங்கு செய்யலாம்.

விதை கையிலிருந்தால்

விவிலியத்தில் தானியேல் நூலின் முதல் அதிகாரம், சொந்த நாட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் நால்வரைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் அரண்மனை உணவை மறுத்து, 10 நாட்களுக்கு மரக்கறி உணவும் தண்ணீருமே கேட்டனர். பத்தாம் நாள் முடிவில் மற்றவர்களைவிட நல்ல தோற்றத்துடன் இருந்தனர். அந்நிய மண்ணிலும் தம் உணவைத் தாமே தெரிந்துகொண்டவர்கள் அவர்கள் என்பதையே நாம் இங்கு நினைவுகூருகிறோம்.

சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களும் உண்டு. இன்னும் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் காத்திருப்போரும் உண்டு. காணி எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் மட்டும் இல்லை. ஆனால் அடுப்பில் எதை ஏற்றுவது, வேலியோரத்தில் எதை ஊன்றுவது என்பது இன்றும் நம் கையில்தான் இருக்கிறது. இந்தப் போகத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சுண்டு குரக்கன் விதையும், ஒரு கைப்பிடி பயறும் கௌப்பியும், ஒரு வாழைக்குட்டியும், ஒரு முருங்கைத் தடியும் தேடிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். விதை உள்ளவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள். மாதர் சங்கக் கூட்டங்களிலும் அன்பிய ஒன்றுகூடல்களிலும் விதைகளைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளின் குடலுக்கு வேண்டிய அமிலத்தைப் பற்றீரியாக்கள் செய்து கொடுக்கும். அவற்றுக்கு வேண்டிய உணவை விளைவித்துக் கொடுப்பது விவசாயிகளாகிய நமது வேலை.